லினக்ஸில் பிரவுசர் அப்டேட் அறிவிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸுக்கு மாறிய நண்பர்கள், உறவினர்கள், பக்கத்து மேசைக்காரர்கள் என்று யார் கேட்டாலும் பிரவுசர் அப்டேட் பற்றிய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாயால் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

பிரவுசர அப்டேட் பண்ணு, அப்டேட் பண்ணுன்னு வந்துக்கிட்டே இருக்கு. இதை அனுப்புறது யாரு?

முதலில் இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும், ஏனென்றால் அனுப்புவது ஒருவர் இல்லை. பிரவுசரே தன் மெனுவிலோ தாவலிலோ காட்டும் அறிவிப்பு ஒன்று. டெஸ்க்டாப்பின் அப்டேட் மேனேஜர், அதாவது உபுண்டுவின் சாஃப்ட்வேர் அப்டேட்டர், மின்ட்டின் அப்டேட் மேனேஜர், கேடிஈயின் டிஸ்கவர் போன்றவை காட்டுவது இன்னொன்று. உபுண்டுவில் ஸ்னாப் அமைப்பு, அதாவது மென்பொருளைத் தனிப் பொதியாக நிறுவி அப்டேட் செய்யும் முறை, தனியாக ஒன்றைக் காட்டும். இவை மூன்றும் உண்மையானவை.

நான்காவதாக ஏதாவது ஒரு வலைப்பக்கம் "உங்கள் பிரவுசர் பழையது" என்று காட்டுவது. அது பெரும்பாலும் மோசடி, அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

என் மெஷின்ல ஃபயர்பாக்ஸ் எந்த வழியா வந்துச்சுன்னு எப்படிப் பாக்குறது?

ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டியில் எபௌட், முக்காற்புள்ளி, சப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல் அடியுங்கள். வரும் பக்கத்தின் மேலேயே நிரல் எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்று இருக்கும். பாதை ஸ்னாப் என்று தொடங்கினால் ஸ்னாப். ஆப் என்று தொடங்கினால் ஃப்ளாட்பேக், அது ஸ்னாப் மாதிரியான இன்னொரு முறை. யூஎஸ்ஆர் என்று தொடங்கினால் டிஸ்ட்ரோவின் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகையின்) பேக்கேஜ் மேனேஜர் போட்டது. ஹோம் அல்லது ஓ-பி-டி என்ற மூன்றெழுத்துக் கோப்புறை என்றால் பெரும்பாலும் நீங்களோ வேறு யாரோ மொசில்லாவின் தளத்திலிருந்து டார் கோப்பாக (சுருக்கிய தொகுப்பாக) இறக்கி விரித்தது.

உபுண்டு 22.04 முதல் "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்பாக்ஸ்" என்று கொடுத்தாலும் வருவது ஸ்னாப்தான், ஆப்ட் என்ற பேக்கேஜ் மேனேஜர் நிறுவும் டெப் பேக்கேஜ் வெறும் வழிகாட்டிப் பலகை மாதிரி. நிறைய பேர் குழம்புவது இங்கேதான், "நான் ஆப்ட்லதானே போட்டேன்" என்பார்கள். உபுண்டுவில் குரோமியமும் 19.10 முதல் ஸ்னாப்தான். மின்ட்டில் இரண்டுமே சாதாரண டெப் பேக்கேஜாக வருகின்றன.

விண்டோஸ்ல குரோம் தானா அப்டேட் ஆயிடும். இங்க மட்டும் ஏன் ஆகலை?

லினக்ஸில் நிரல்கள் இருக்கும் கோப்புறைகள் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தம். சாதாரணப் பயனராக ஓடும் பிரவுசர் தன் கோப்புகளைத் தானே மாற்றி எழுத முடியாது, முடியவும் கூடாது. அதனால் டிஸ்ட்ரோக்கள் தரும் ஃபயர்பாக்ஸில் உள்ளேயே இருக்கும் அப்டேட்டர் அணைக்கப்பட்டிருக்கும், அமைப்புகளில் அந்தப் பகுதியே தெரியாது. குரோமுக்கும் லினக்ஸில் தனி அப்டேட்டர் கிடையாது. அதன் டெப் கோப்பை நிறுவும்போது கூகுளின் ரெப்போ (மென்பொருள் இறங்கும் சேமிப்பிடம்) ஒன்று ஆப்ட் பட்டியலில் சேர்ந்துகொள்ளும், அதன் பிறகு மற்ற மென்பொருள்களோடு சேர்ந்து அதுவும் அப்டேட் ஆகும்.

இது ஒரு குறை மாதிரி தோன்றும், ஆனால் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் பின்னணியில் தனக்கென்று ஒரு அப்டேட்டர் ஓட்டுவதை விட எல்லாம் ஒரே வழியாக வருவது எவ்வளவோ மேல்.

அப்டேட் பண்ணாம விட்டா என்ன ஆயிடும்? நல்லாத்தானே ஓடுது?

பிரவுசரை மட்டும் அப்படி விடாதீர்கள். வெளியாட்கள் எழுதிய நிரலை நாள் முழுக்க உங்கள் மெஷினில் ஓட்டுவது அதுதான். 2023 செப்டம்பரில் வெப்பி என்ற வடிவப் படங்களைத் திறக்கும் நிரல் நூலகத்தில் ஓர் ஓட்டை வெளியானது. தயார் செய்யப்பட்ட ஒரு படம் பக்கத்தில் இருந்தாலே போதும், எதையும் சொடுக்க வேண்டியதில்லை. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுக்குமே அவசரமாகத் திருத்தம் வந்தது. 2024 அக்டோபரில் ஃபயர்பாக்ஸின் அனிமேஷன் பகுதியில் ஒன்று, அதற்காக 131.0.2 வந்தது. இரண்டுமே திருத்தம் வருவதற்கு முன்பே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டவை.

பாதுகாப்பை விடுங்கள், சும்மா ஓடிக்கொண்டிருப்பதும் நின்றுபோகும். 2025 மார்ச் 14 அன்று ஆட்-ஆன்களைச் சரிபார்க்க உதவும் மொசில்லாவின் ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. 128க்கு முந்தைய ஃபயர்பாக்ஸும் 115.13க்கு முந்தைய ஈஎஸ்ஆரும் (நீண்டகால ஆதரவுப் பதிப்பும்) வைத்திருந்தவர்களுக்கு ஆட்-ஆன்கள் செயலிழக்கும் நிலை வந்தது. ஆகவே இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்லப்போவது சத்தத்தைக் குறைக்கும் வழிகள், அப்டேட்டை நிறுத்தும் வழிகள் இல்லை.

"ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் அப்டேட் காத்திருக்கு, 13 நாள் இருக்கு, மூடு"ன்னு உபுண்டு சொல்லுது. 13 நாள் கழிச்சு என்ன ஆகும்?

ஸ்னாப் அமைப்பு ஒரு நாளைக்கு 4 முறை புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். பிரவுசர் திறந்திருந்தால் உடனே மாற்றாமல் 14 நாள் பொறுத்திருக்கும், அந்தக் கணக்குத்தான் உங்களுக்குத் தெரிகிறது. கெடு முடிந்தால் பிரவுசர் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடும், அப்போது அது தாறுமாறாக நடந்துகொள்ளலாம். லேப்டாப்பை அணைக்காமல் மூடி மூடி வைப்பவர்களுக்குத்தான் இந்த அறிவிப்பு அதிகம் வரும், ஏனென்றால் அவர்களின் பிரவுசர் வாரக்கணக்கில் மூடப்படுவதே இல்லை.

மூடிட்டுத் திறந்தேன். ஆனா மறுபடியும் அதே அறிவிப்பு வருதே?

மூடிய உடனே திறந்திருப்பீர்கள். கெடு முடியும்வரை, பிரவுசர் முழுவதுமாக மூடியிருக்கும் நேரத்தில்தான் ஸ்னாப் பதிப்பை மாற்றும், அதற்கு ஓரிரு நிமிடம் அவகாசம் வேண்டும். பழைய ஸ்னாப்டி (ஸ்னாப்பை இயக்கும் பின்னணி நிரல்) இருக்கும் மெஷின்களில் மூடியிருக்கும்போது அடுத்த சோதனை நேரம் வர வேண்டும் என்பதால் இந்த ஓட்டம் முடிவே இல்லாமல் போகும்.

அறிவிப்பு வந்தால் காத்திருக்காமல் நீங்களே செய்துவிடுவது எளிது. ஃபயர்பாக்ஸை மூடுங்கள், டெர்மினலில் "சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்" கொடுங்கள், முடிந்ததும் திறங்கள். ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி மறுத்தால் ஏதோ ஒரு சாளரம் வேறு பணியிடத்தில் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம்.

மொபைல் ஹாட்ஸ்பாட்லதான் நெட் போடுறேன். ஸ்னாப் பாட்டுக்கு டேட்டாவைத் தின்னுடுது. நேரம் குறிக்க முடியுமா?

முடியும், இரண்டு வழி இருக்கிறது. "சூடோ ஸ்னாப் செட் சிஸ்டம் ரிஃப்ரெஷ்.டைமர்=4:00-7:00" என்று கொடுத்தால் விடியற்காலை 4 முதல் 7 மணிக்குள்தான் சோதிக்கும். அந்த நேரத்தில் மெஷின் அணைந்திருக்கும் என்றால் உங்களுக்கு வசதியான வேறு நேரம் போடுங்கள். அடுத்த சோதனை எப்போது என்று பார்க்க "ஸ்னாப் ரிஃப்ரெஷ்" என்பதோடு இரண்டு கோடு (ஹைஃபன்) போட்டு "டைம்" சேர்த்தால் போதும்.

இரண்டாவது வழி ஹாட்ஸ்பாட்காரர்களுக்கு இன்னும் பொருத்தம். நெட்வொர்க் அமைப்புகளில் அந்த இணைப்பை "மீட்டர்டு", அதாவது டேட்டா அளவுள்ளது, என்று குறித்துவிட்டு, "சூடோ ஸ்னாப் செட் சிஸ்டம் ரிஃப்ரெஷ்.மீட்டர்டு=ஹோல்டு" என்று கொடுங்கள். ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்வரை தானாக எதுவும் இறங்காது, வைஃபைக்கு வந்ததும் இறங்கும்.

நாளைக்கு ஆன்லைன் பரீட்சை. இன்னைக்கு மட்டும் எதையும் மாத்தாம இருக்கச் சொல்லணும்.

நியாயமான தேவை. ஸ்னாப் என்றால் "சூடோ ஸ்னாப் ரிஃப்ரெஷ்", அதன் பிறகு இரண்டு கோடு, "ஹோல்டு=48ஹெச்", கடைசியில் "ஃபயர்பாக்ஸ்". 48 மணி நேரம் தொடாது, பிறகு தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆப்ட் என்றால் "சூடோ ஆப்ட்-மார்க் ஹோல்டு ஃபயர்பாக்ஸ்", ஆனால் இதற்குக் கெடு கிடையாது, பரீட்சை முடிந்ததும் "அன்ஹோல்டு" நீங்கள்தான் போட வேண்டும். தமிழ் இடைமுகத்துக்கான மொழிப் பேக்கேஜ் தனியாக நிறுவியிருந்தால் அதையும் சேர்த்து நிறுத்துங்கள், இரண்டும் வெவ்வேறு பதிப்பாகிவிட்டால் மெனு ஆங்கிலத்துக்குப் போய்விடக்கூடும்.

கெடு வைக்காத ஹோல்டு ஆபத்தானது. ஏதோ ஒரு நாள் போட்டுவிட்டு மறந்து, ஒரு வருடம் பழைய பிரவுசரோடு இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவிப்பே வராததால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். "ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு" அடித்தால் என்னென்ன நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும், இப்போதே ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

ஏதோ டைப் பண்ணிட்டு இருக்கேன், புது டேப் திறந்தா "ஃபயர்பாக்ஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னு ஒரே பக்கம். வேற எதுவும் திறக்க மாட்டேங்குது. இதை எப்படி ஆஃப் பண்றது?

இதற்கு ஒரு பொத்தான் கிடையாது, காரணம் இது நினைவூட்டல் இல்லை, ஓர் உண்மையான தடை. நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பேக்கேஜ் மேனேஜர் வட்டில் இருந்த ஃபயர்பாக்ஸ் கோப்புகளை மாற்றிவிட்டது. ஏற்கெனவே நினைவகத்தில் ஓடுவது பழைய பதிப்பு, புதுத் தாவலுக்காகத் தொடங்கும் செயல்முறை புதிய பதிப்பிலிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேச முடியாது, அதனால் ஃபயர்பாக்ஸ் அங்கேயே நிறுத்திவிடுகிறது. குரோம் தொடக்கத்திலேயே ஒரு தாய்ச் செயல்முறையை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதிலிருந்தே தாவல்களைப் பிரிப்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

திறந்திருக்கும் தாவல்களில் பாதி எழுதிய படிவம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள் அல்லது நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள். சாதாரணத் தாவல்கள் திரும்பி வரும். தனிப்பட்ட சாளரம், அதாவது பிரைவேட் விண்டோ, வராது.

அடிக்கடி நடந்தால் அப்டேட் ஓடும் நேரத்தை மாற்றுவதுதான் தீர்வு. நீங்களே கட்டளை கொடுத்து அப்டேட் செய்பவர் என்றால் பிரவுசரை மூடிவிட்டுச் செய்யுங்கள். ஃபெடோராவில் க்னோம் சாஃப்ட்வேர் வழியாகச் செய்தால் மெஷின் மறுபடி தொடங்கும்போதுதான் மாறும், நடுவில் குறுக்கிடாது. ஃப்ளாட்பேக் ஃபயர்பாக்ஸும் நல்ல வழி. ஃப்ளாட்ஹப்பில் அதை மொசில்லாவே வெளியிடுகிறது, அப்டேட் வந்தாலும் நீங்கள் மூடும்வரை பழைய பதிப்பின் கோப்புகள் அப்படியே இருக்கும், அடுத்து திறக்கும்போது புதியது.

குரோம்ல மூலையில பச்சை வந்துச்சு, அப்புறம் ஆரஞ்சு ஆச்சு, இப்ப சிவப்பு. பயப்படணுமா?

நிறம் சொல்வது அப்டேட் எத்தனை நாளாகக் காத்திருக்கிறது என்பதை. பச்சை என்றால் வெளியாகி 2 நாளுக்குள், ஆரஞ்சு என்றால் ஏறக்குறைய 4 நாள், சிவப்பு என்றால் ஒரு வாரமோ அதற்கு மேலோ. லினக்ஸில் பொதுவாக இதற்குப் பொருள், ஆப்ட் புதிய பதிப்பை ஏற்கெனவே வைத்துவிட்டது, நீங்கள் மூடித் திறக்க வேண்டியதுதான் பாக்கி. 2023 ஆகஸ்டில் வந்த குரோம் 116 முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா வாரம் வருகின்றன, அதனால் வாரம் ஒரு முறை மூடித் திறக்கும் பழக்கம் இருந்தால் சிவப்பைப் பார்க்கவே மாட்டீர்கள்.

எனக்கு வேற மாதிரி. குரோம் பழசாயிடுச்சுன்னு சொல்லுது, ஆனா ஆப்ட் அப்கிரேட் போட்டா ஒண்ணுமே வரலை.

நிறைய பேருக்கு இது உபுண்டு பதிப்பை ஏற்றியதும் நடக்கிறது. 22.04 இலிருந்து 24.04 போன்ற பதிப்பு மாற்றத்தின்போது வெளி ரெப்போக்களை உபுண்டு அணைத்து வைக்கும், கூகுளின் ரெப்போவும் அதில் போய்விடும். சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் செயலியில் அதர் சாஃப்ட்வேர் தாவலைத் திறந்து, கூகுள் வரியில் டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போட்டுவிட்டு "சூடோ ஆப்ட் அப்டேட்" கொடுங்கள். அதில் சாவி சம்பந்தப்பட்ட பிழை வந்தால் குரோமின் புதிய டெப் கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி அதன் மேலேயே நிறுவுவது சுலபம். உங்கள் புக்மார்க், கடவுச்சொல் எதுவும் போகாது.

இந்த இடத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். "சிமுலேட் அவுட்டேட்டட்" என்று தொடங்கும் ஒரு கொடியை (கூடுதல் விருப்பச் சொல்லை) குரோமின் தொடக்கக் கட்டளையில் சேர்த்து 2099 என்று தேதி போட்டால் அந்தச் செய்தி வராது என்று பலரும் பரிந்துரைக்கிறார்கள். செய்தி வராது, உண்மைதான். ஆனால் மேலே சொன்ன மாதிரி ரெப்போ அணைந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் ஒரே அறிகுறியும் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டெஸ்க்டாப்ல அப்டேட்டர் சாளரம் திடீர்னு முன்னாடி வந்து நிக்குது. அதைக் குறைக்கணும்.

உபுண்டுவில் சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ் செயலியின் அப்டேட்ஸ் தாவலுக்குப் போங்கள். பாதுகாப்பு அப்டேட் வந்தால் தானாக இறக்கி நிறுவு என்றும், மற்றவற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காட்டு என்றும் வைத்துவிடலாம். கேடிஈயில் சிஸ்டம் செட்டிங்ஸ், சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்தில் எத்தனை நாளுக்கு ஒரு முறை அறிவிக்க வேண்டும் என்று கேட்கும், வாரம் ஒன்று போதும். மின்ட்டில் அப்டேட் மேனேஜரின் விருப்பங்களில் தானியங்கிப் பகுதி இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் அறிவிப்பு வர வேண்டிய அவசியமே குறையும்.

தானா நிறுவுன்னு வச்சுட்டேன். அப்பவும் குரோம் மட்டும் தானா அப்டேட் ஆகலையே?

தானியங்கி நிறுவலைச் செய்யும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் என்ற கருவி உபுண்டுவின் சொந்தப் பாதுகாப்பு ரெப்போவை மட்டுமே இயல்பாக நம்பும். கூகுளின் ரெப்போ, மொசில்லா 2024 ஜனவரியில் 122ஆம் பதிப்போடு நிலையான பதிப்புக்கும் திறந்த ஆப்ட் ரெப்போ, இவையெல்லாம் அதற்கு வெளியாட்கள். ஈடிசி, ஆப்ட், ஆப்ட்.கான்ஃப்.டி கோப்புறையில் 50 என்ற எண்ணோடு தொடங்கும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் கோப்பைத் திறந்து அனுமதிக்கப்பட்ட மூலங்கள் பட்டியலில் அவற்றைச் சேர்க்க வேண்டும். என்ன பெயரில் சேர்ப்பது என்று தெரிய "ஆப்ட்-கேஷ் பாலிசி" அடித்தால் ஒவ்வொரு ரெப்போவுக்கும் ஓ= என்று தொடங்கும் மூலப் பெயரும் ஏ= என்று தொடங்கும் கிளைப் பெயரும் காட்டும்.

ஃபயர்பாக்ஸை இப்படி வைத்தால் மேலே சொன்ன ரீஸ்டார்ட் பக்கம் எதிர்பாராத நேரத்தில் வரலாம். எனக்கு அது பரவாயில்லை, உங்களுக்கு எப்படி என்று பார்த்து முடிவெடுங்கள்.

டார் கோப்பா இறக்கின ஃபயர்பாக்ஸ் வச்சிருக்கேன். அதுவே "அப்டேட் இருக்கு"ன்னு கேக்குது. நிறுத்தலாமா?

உங்கள் ஹோம் கோப்புறையில் இருந்தால் அதன் சொந்த அப்டேட்டர் வேலை செய்யும், நிறுத்தாதீர்கள், ஏனென்றால் அதை அப்டேட் செய்ய வேறு யாரும் இல்லை. அமைப்புகள், பொதுப் பகுதியில் "தானாக நிறுவு" என்று வைத்துவிட்டால் கேள்வி கேட்காமல் வேலையை முடிக்கும். "சோதிக்கவே வேண்டாம்" என்ற தேர்வை மொசில்லா 2018 இலேயே எடுத்துவிட்டது.

அப்டேட் ஆனதும் ஒவ்வொரு தடவையும் "புதுசு என்ன"ன்னு ஒரு டேப் திறக்குது. அது வேண்டாம்.

இதை அணைப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. எபௌட் கான்ஃபிக் பக்கத்தில் "ஹோம்பேஜ் ஓவர்ரைடு" என்று தேடுங்கள், எம்ஸ்டோன் என்று முடியும் அமைப்பின் மதிப்பை "இக்னோர்" என்று மாற்றுங்கள், அவ்வளவுதான்.

ஒரு சைட்டுக்குப் போனா "உங்க ஃபயர்பாக்ஸ் காலாவதி, இங்க இறக்குங்க"ன்னு லோகோவோட வருது. நிஜமா?

இல்லை. மூடிவிடுங்கள். முதல் பதிலில் சொன்ன மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் லினக்ஸில் உண்மையான பிரவுசர் அப்டேட் கேட்காது, வலைப்பக்கத்துக்குள்ளிருந்து ஒருபோதும் வராது. பெரும்பாலான போலிகள் விண்டோஸ் கோப்பைத்தான் தரும், அதை நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம், டெர்மினலில் ஒரு வரியை ஒட்டச் சொல்லும் வகைகளும் உண்டு.

பக்கத்தை மூடிய பிறகும் டெஸ்க்டாப் மூலையில் அப்படி வருகிறதென்றால், எப்போதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். ஃபயர்பாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமை, அனுமதிகள், அறிவிப்புகள் என்று போய்த் தெரியாத தளங்களை நீக்குங்கள், புதிய கோரிக்கைகளைத் தடு என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். குரோமில் தள அமைப்புகளுக்குள் இதே இருக்கிறது.

ஸ்கூல் லேப்ல முப்பது மெஷின். பசங்க ஒவ்வொருத்தரும் "சார், என்னமோ கேக்குது"ன்னு வர்றாங்க. மொத்தமா நிறுத்த வழி?

இங்கே அறிவிப்பை அணைப்பது சரியே, அப்டேட் செய்யும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால். ஃபயர்பாக்ஸுக்கு ஈடிசி, ஃபயர்பாக்ஸ், பாலிசிஸ் கோப்புறையில் பாலிசிஸ்.ஜேசான் கோப்பு வைத்து "டிஸேபிள் ஆப் அப்டேட்" கொள்கையை ட்ரூ என்று கொடுக்கலாம். "ஓவர்ரைடு போஸ்ட் அப்டேட் பேஜ்" கொள்கையைக் காலியாக விட்டால் அந்த "புதுசு என்ன" தாவலும் வராது. அமைப்புகளில் உங்கள் நிறுவனம் இந்த பிரவுசரை நிர்வகிக்கிறது என்று ஒரு வரி தோன்றும், அது இயல்பு. குரோமில் ரீலாஞ்ச் நோட்டிஃபிகேஷன் என்ற கொள்கை இருக்கிறது: 1 என்றால் நினைவூட்டல், 2 என்றால் கெடு முடிந்ததும் கட்டாய மறுதொடக்கம்.

கூடவே ஈஎஸ்ஆர் பதிப்புக்கு மாறுவதையும் யோசியுங்கள். சாதாரண ஃபயர்பாக்ஸ் 4 வாரத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், ஈஎஸ்ஆர் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்றுதான், நடுவில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். டெபியன் ஸ்டேபிளில் இயல்பாக வருவதே இதுதான். மெனு இடம் மாறாமல் இருப்பது மாணவர்களுக்கும் நல்லது.

புதுப் பதிப்பு பிடிக்கலை, பழசுக்குப் போனேன். "இந்த ப்ரொஃபைலைப் பயன்படுத்த முடியாது"ன்னு சொல்லிடுச்சு. புக்மார்க் எல்லாம் போச்சா?

போகவில்லை. ஃபயர்பாக்ஸ் 67 முதல், புதிய பதிப்பு தொட்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க விடாது, தரவு கெட்டுவிடும் என்பதால்தான். புதிய ப்ரொஃபைல் உருவாக்கவா என்று கேட்கும். பழையது வட்டில் அப்படியே இருக்கும், மறுபடி புதிய பதிப்பை நிறுவினால் எல்லாம் தெரியும். இரண்டு கோடு போட்டு "அலவ்-டவுன்கிரேடு" என்று சேர்த்துக் கட்டாயப்படுத்தித் திறக்க முடியும், ஆனால் ப்ரொஃபைல் கோப்புறையை நகலெடுக்காமல் அதைத் தொடாதீர்கள்.

ஸ்னாப் என்றால் "சூடோ ஸ்னாப் ரிவர்ட் ஃபயர்பாக்ஸ்" முந்தைய பதிப்புக்குக் கொண்டுபோகும், அது வட்டில் இன்னும் இருந்தால். அப்படிப் போன பிறகு புதிதாக ஒரு பதிப்பு வரும்வரை, தவிர்த்த பதிப்பைத் தானாக மறுபடி நிறுவாது. எந்தத் தளம், எந்த ஆட்-ஆன் வேலை செய்யாததால் பின்னால் போனீர்கள் என்று குறித்து வைத்து, அடுத்த பதிப்பு வந்ததும் அதை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு முன்னால் வந்துவிடுங்கள்.